நாலரை லட்சம் ரூபாய் ஆராய்ச்சி நிதியும் நான் பட்ட பாடும்

மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து, சொந்தமாக ஒரு ஆராய்ச்சி செய்து பார்க்கலாம் என்று நினைக்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்குக் கிடைத்த முதல் நிதி நாலரை லட்சம் ரூபாய். கோடியில் நிதி வாங்குகிறவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் முதன்மை ஆய்வாளர் (பி.ஐ.) என்ற இடத்தில் என் பெயர் வந்தது அந்த நாலரை லட்சத்தில்தான். அதை வாங்கப் பட்ட சிரமம் கொஞ்சம். வாங்கிய பிறகு செலவு செய்யப் பட்ட சிரமம்தான் அதிகம். ஆராய்ச்சி முறையும் புள்ளியியலும் சொல்லித்தர ஆள் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆருக்குச் சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் இணைய வகுப்பை எங்களில் பெரும்பாலோர் முடித்திருக்கிறோம். பணம் கல்லூரிக் கணக்கில் வந்து விழுந்த பிறகு என்ன நடக்கும் என்பதற்குத்தான் எந்த வகுப்பும் இல்லை.

நான் தோல் மருத்துவர், சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம். எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு உள்ளங்கை தடித்து, விரல் இடுக்கு வெடித்து, அரிப்புத் தாங்காமல் வருகிறவர்களில் கொத்தனாரும் சித்தாளும் உண்டு, ஆத்தங்குடிக் கல் போடுகிறவர்களும் உண்டு. அந்தத் தரைக்கல் எப்படி உருவாகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, காய்ந்த சிமெண்ட்டும் மணலும் தூவி, அதன் மேல் ஈரக் கலவையை அப்பிச் சமன் செய்வார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட்டு எடுக்க வேண்டும். எல்லாம் வெறும் கை. கையுறை போடுங்கள் என்றால், "போட்டா பூ கலைஞ்சுரும் டாக்டரம்மா" என்பார்கள். வண்ணம் எவ்வளவு விழுகிறது என்பது விரலுக்குத்தான் தெரியும்.

ஈரச் சிமெண்ட்டின் காரம் தோலை அரிப்பது ஒரு பக்கம். அதில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமேட் என்ற வடிவில் இருப்பது) தோலுக்குள் இறங்கி ஒவ்வாமையை உண்டாக்குவது இன்னொரு பக்கம். இரண்டாவது வந்துவிட்டால் லேசில் போகாது. பலருக்கு ஆயுசுக்கும் தொடரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 ஜனவரி முதல், கரையக்கூடிய இந்தக் குரோமியம் ஒரு கிலோ சிமெண்ட்டில் 2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று கட்டுப்பாடு உண்டு. சிமெண்ட்டில் ஃபெரஸ் சல்பேட் கலந்து அளவைக் குறைக்கிறார்கள். கல்லூரி ஒன்றில் வேதியியல் நடத்தும் என் தோழியிடம், பட்டறையிலிருந்து ஒரு பொட்டலம் சிமெண்ட் கொண்டுபோய்க் கொடுத்தேன். தண்ணீரில் கலக்கி, வடிகட்டி, அமிலம் விட்டு, டைஃபினைல்கார்பசைடு சில சொட்டு விட்டாள். சோதனைக் குழாயில் இருந்த தெளிந்த தண்ணீர் ஊதாவாக மாறியது. குரோமியம் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இவர்களில் யாருக்குக் காரம் பட்ட புண், யாருக்கு நிஜமான ஒவ்வாமை என்று பிரித்துப் பார்த்தால்தான் சரியான யோசனை சொல்ல முடியும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

நேராகப் பெரிய நிதிக்கே போகலாமே என்று கேட்பீர்கள். பெரிய நிதியில் முதல் கேள்வியே, "முன்னோட்டத் தரவு இருக்கிறதா, நீங்கள் தனியாக நடத்திய ஆய்வு எது?" என்பதுதான். பணமில்லாமல் தரவு வராது, தரவில்லாமல் பணம் வராது. இந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்காகத்தான் சிறு நிதிகள் இருக்கின்றன. எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு ஐ.சி.எம்.ஆர். 1979 முதல் குறுகிய கால உதவித்தொகை கொடுக்கிறது. வேலையில் சேர்ந்தவர்களுக்கு எஸ்.இ.ஆர்.பி. என்ற மத்திய அரசின் அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் 2 வருடத்துக்கு 30 லட்சம் வரை தொடக்க நிதி கொடுத்து வந்தது. அந்த அமைப்பு இப்போது, 2023-ல் வந்த சட்டத்தால் உருவான ஏ.என்.ஆர்.எஃப். என்ற தேசிய ஆராய்ச்சி அமைப்புக்குள் சேர்ந்துவிட்டது, அங்கே இளம் ஆய்வாளர்களுக்கு 3 வருடத்துக்கு 60 லட்சம் வரை ஒரு திட்டம் இருக்கிறது. வயது வரம்பு 42. இந்த வயதுக் கணக்கை டாக்டர்கள் கவனிக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், எம்.டி. 3 வருடம், நடுவில் நுழைவுத் தேர்வுக்குப் படித்தது, ஒப்பந்தப்படி கிராமத்தில் வேலை பார்த்தது, பெண்களுக்குப் பிள்ளைப்பேறு, எல்லாம் முடிந்து நிமிரும்போது 35 தாண்டிவிடும். அதனால் சேர்ந்த வருடமே எந்தத் திட்டத்துக்கு என்ன வயது, பணியில் சேர்ந்து எத்தனை வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், நிரந்தரப் பணி வேண்டுமா, ஒப்பந்தப் பணி போதுமா என்று ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடுங்கள். நம் துறைச் சங்கங்கள் கொடுக்கும் லட்சம், ரெண்டு லட்சத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கிடைத்தது அரசு சார்ந்த ஒரு சிறு நிதி. விண்ணப்பத்தில் கையெழுத்துக்குப் போனபோதுதான் முதல் உரசல். துறைத் தலைவர் நல்லவர், எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தவர். படித்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கணக்கு வழக்கெல்லாம் உனக்கு எதுக்கு? பி.ஐ.ன்னு என் பேரைப் போடு, நீ கோ-பி.ஐ.யா இருந்து வேலையைப் பாரு" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நம் ஊரில் அதுதான் நடைமுறை. ஆனால் அப்படி ஒப்புக்கொண்டால், நான் யோசித்து, நான் எழுதி, நான் ஓடியாடிச் செய்யும் ஆய்வு காகிதத்தில் அவருடையதாகிவிடும். அடுத்த விண்ணப்பத்தில் நான் மறுபடியும் அனுபவமில்லாதவள். "சார், இந்தத் திட்டம் இளையவங்களுக்குத்தான், உங்க பேரைப் போட்டா தகுதியிலேயே தள்ளிருவாங்க" என்று விதிப் பக்கத்தைக் காட்டினேன். முகம் சுருங்கியது, இருந்தாலும் கையெழுத்துப் போட்டார். இணை ஆய்வாளராக அவர் பெயரை வைத்தேன், வைக்க வேண்டியதும்தான். அதே வாரம் கட்டுரையில் யார் முதல் பெயர், யார் தொடர்பு ஆசிரியர் (இதழோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்பவர்) என்று நாலு வரி மின்னஞ்சல் அனுப்பி, "சரி" என்று பதிலும் வாங்கிவிட்டேன். தேசிய மருத்துவ ஆணையத்தின் அப்போதைய 2022 விதிப்படி, பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை கணக்கில் வர முதல் மூன்று பெயரில் ஒன்றாகவோ தொடர்பு ஆசிரியராகவோ இருக்க வேண்டியிருந்தது. அதனால் பெயர் வரிசைக்கு எப்போதும் இழுபறி உண்டு. அந்த ஒற்றைச் சொல் பதில் பின்னால் எனக்கு எவ்வளவு உதவியது என்பதைத் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம்.

ஆய்வுக்கு ஒப்புதல் கொடுக்கும் நெறிமுறைக் குழு எனக்குத் தொல்லையாக இருக்கவில்லை, நேரம்தான் இழுத்தது. சில மாதத்துக்கு ஒருமுறைதான் கூடுவார்கள். நிதி கிடைத்த கடிதம் வரட்டும் என்று காத்திருக்காமல் விண்ணப்பம் அனுப்பிய கையோடு அங்கேயும் போட்டுவிடுங்கள். எங்கள் குழுவில் பொதுமக்கள் சார்பில் இருந்தவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. நான் செய்யவிருந்தது ஒட்டுச் சோதனை, அதாவது ஒவ்வாமைப் பொருளை முதுகில் ஒட்டி வைத்துத் தோல் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது. டாக்டர்கள் எல்லாம் மாதிரி அளவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் மட்டும், "முதுகில் ஒட்டினால் ரெண்டு மூணு நாள் முதுகு நனையக் கூடாது, வேலைக்குப் போகக் கூடாது என்கிறீர்கள். அந்தக் கூலியை யார் கொடுப்பது?" என்றார். எனக்குச் சுருக்கென்றது, நியாயமான கேள்வி. ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல், பங்கேற்பவருக்குப் பயணச் செலவும் நேர இழப்புக்கான தொகையும் கொடுக்க இடம் தருகிறது. குழு ஒப்புதல் கொடுத்தால் போதும். ஆனால் என் பட்ஜெட்டில் நிதி அமைப்பு கொடுத்திருந்த தலைப்புகள் பணியாளர், நுகர்பொருள், பயணம், இதர செலவு. கூலி இழப்புக்குத் தலைப்பே கிடையாது. 'இதர செலவு' என்பதில் பங்கேற்பாளர் ஈட்டுத்தொகை என்று பிரித்து எழுதி, தொகை மாற்றத்துக்கு நிதி அமைப்பிடம் எழுத்தில் அனுமதி வாங்கினேன். இந்த அனுமதி இல்லாமல் ஒரு தலைப்புப் பணத்தை இன்னொன்றில் செலவழித்தால், தணிக்கையில் அது செலவாகவே ஏறாது.

பட்ஜெட் என்றதும் இன்னொன்று. ஆள் வைக்காமல் ஆய்வா என்று எல்லோரும் முதலில் ஒரு ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர்) கேட்கிறார்கள். 2023-ல் உயர்த்தப்பட்ட கணக்கில் அவருக்கு மாதம் 37,000, வீட்டு வாடகைப் படி தனி. பன்னிரண்டு மாதத்துக்குப் பெருக்கினால் 4,44,000. என் நிதி மொத்தமும் ஒரே ஆளுக்குச் சம்பளமாகப் போயிருக்கும். உள்ளூர்ப் பெண் ஒருத்தியைப் பகுதி நேரக் களப்பணியாளராக வைத்துக்கொண்டேன். பட்டறைக்காரர்களை முறை வைத்துக் கூப்பிடும் அவளுக்கு எல்லாக் கதவும் திறந்தது. பட்டம் பெற்ற யாரை அனுப்பியிருந்தாலும் வாசலோடு திரும்பியிருப்பார்கள்.

சரி, பணம் வந்தது. மார்கழியில் முதல் தவணை கல்லூரியின் பொதுக் கணக்கில் சேர்ந்தது. தனிக் கணக்கு வேண்டும் என்று முன்பே கடிதம் கொடுத்திருந்தேன். சின்னத் தொகைக்கு எதுக்குத் தனிக் கணக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். பெரிய நிதியென்றால் நிர்வாகச் செலவு என்று கல்லூரிக்கும் ஒரு பங்கு கிடைக்கும், அதனால் மரியாதையாகக் கவனிப்பார்கள். என் நிதியில் அது இல்லை. ஒட்டுச் சோதனைக்கான ஒவ்வாமைப் பொருள் தொகுப்பு வாங்க வேண்டும். மூன்று கொட்டேஷன் கொண்டு வா என்றார்கள். அதை விற்கிற இடமே நாட்டில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். இந்த மாதிரி நேரத்தில், இந்தப் பொருள் இந்த நிறுவனத்திடம்தான் கிடைக்கும் என்று 'தனியுரிமைப் பொருள் சான்று' ஒன்று எழுதிக் கொடுத்து ஒரே இடத்தில் வாங்க அரசின் பொது நிதி விதிகளே இடம் தருகின்றன. அதை எனக்குச் சொன்னது கல்லூரி அலுவலகம் இல்லை, வேறு ஊரில் இருக்கும் ஒரு சீனியர். நான் சான்று எழுதிக் கொடுத்த பிறகும் கோப்பு மேசை மேசையாக உட்கார்ந்திருந்தது. கடைசியில் நிதிப் பிரிவில், "மேடம், நீங்க வாங்கிருங்க, பில்லைக் கொடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்கள். தை, மாசி கழிந்துகொண்டிருந்தது. ஒட்டுச் சோதனைக்கு அதுதான் ஏற்ற காலம். செயினை வங்கியில் வைத்து 38,000 ரூபாய்க்கு வாங்கினேன். பில்லைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அதே பிரிவில், "பில் உங்க பேர்ல இருக்கே, பர்ச்சேஸ் ஆர்டரும் இல்லையே, எப்படிப் பாஸ் பண்றது?" என்றார்கள். அன்றைக்குப் பஸ்ஸில் வீடு திரும்பும்போது அழுதேன். கோபமா அவமானமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கல்லூரிப் பெயரில் பர்ச்சேஸ் ஆர்டர் இல்லாமல் சொந்தப் பணத்தில் எதையும் வாங்காதீர்கள். அலுவலகத்தில் யார் வாய்வார்த்தையாகச் சொன்னாலும், "நீங்கள் இன்று சொன்னபடி" என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள்.

இத்தனை தாமதத்தில் களப்பணி அக்னி நட்சத்திரத்தில் போய் மாட்டியது. ஒட்டுச் சோதனை என்றால், எட்டு மில்லிமீட்டர் அகல அலுமினியக் கிண்ணங்களில் ஒவ்வாமைப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து முதுகில் ஒட்டுவது. குரோமேட்டுக்கு 0.5 சதவீதப் பொட்டாசியம் டைகுரோமேட். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, மறுபடி 72 அல்லது 96 மணி நேரத்தில் பார்க்க வேண்டும். வியர்வை பட்டால் பிளாஸ்திரி உரிந்துவிடும். எங்கள் ஊர் வெயிலில், தகரக் கொட்டகைப் பட்டறையில் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். ஒருவர் முதுகில் பாதிப் பட்டை தொங்கிக்கொண்டிருக்க, "பிச்சுக்கிட்டு வந்துருச்சு, நான் கையே வைக்கல டாக்டரம்மா" என்று குற்றவாளி போல நின்றார். அவரைச் சொல்லி என்ன பயன்? ஆத்தங்குடிக்குப் பக்கத்தில் ஒரு ஆச்சி, என் நிலையைப் பார்த்துத் தன் வீட்டைக் கொடுத்தார். ஆண்களுக்கு முகப்பில், பெண்களுக்கு வளவு (உள்முற்றம்) ஓரத்து அறையில் வைத்து ஒட்டினோம். செட்டிநாட்டு வீட்டுச் சுவரும் உயரக் கூரையும் கொடுத்த குளிர்ச்சியில், ஒட்டிய முதல் சில மணி நேரமாவது பட்டை முதுகில் நின்றது. முகாம் வைக்க இடம் தேடுகிறவர்கள், முதுகைத் திறந்து காட்ட வேண்டிய பெண்களுக்குத் தனி அறை இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். எனக்கு அது கிடைத்த பிறகுதான் பெண்கள் வரவே ஆரம்பித்தார்கள். அதற்குள் முதல் தொகுப்பில் பாதி வீணாகியிருந்தது. மீதிப் பேரைத் திரும்பக் கார்த்திகைக்கு மேல் கூப்பிட்டுச் சோதித்தோம். ஆய்வு ஏறக்குறைய ஒரு வருடம் தள்ளிப் போனது.

அடுத்த தவணைக்கு, வந்த பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்று கொடுக்க வேண்டும், படிவம் 12-ஏ. அதில் வந்தது, செலவானது, மீதி என்பதோடு, அந்தப் பணத்துக்கு வந்த வட்டி எவ்வளவு என்றும் கேட்பார்கள். அரசு மானியத்துக்கு வரும் வட்டி அரசுக்கே திரும்பப் போக வேண்டும் என்பது பொது நிதி விதி. என் பணம் பொதுக் கணக்கில் மாணவர் கட்டணத்தோடு கலந்து கிடந்ததால் அதற்கு வட்டி எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. என் அப்பா தேவகோட்டையில் ஒரு செட்டியாரிடம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னத்தா இது, முதலும் வட்டியும் பிரிச்சு எழுதாம ஒரு கணக்கா? நம்ம ஊர்ல சின்னப் பிள்ளை கூட இப்படி எழுதாது" என்றார். அன்றிலிருந்து எனக்காக ஒரு பேரேடு போட்டார். தேதி, செலவுத் தலைப்பு, வவுச்சர் எண், தொகை, யார் வாங்கினார்கள், கையெழுத்து. பங்கேற்பாளருக்குக் கொடுத்த கூலிக்கு வருவாய் முத்திரை ஒட்டி வாங்கிய கையெழுத்தோ கைநாட்டோ, தனிக் கட்டு. பெயரை மறைத்து எண்ணால் அடையாளம் காட்டும் பட்டியல் பூட்டிய அலமாரியில். கடைசியில் தணிக்கையாளர் பொதுக் கணக்கின் வங்கி வட்டி விகிதத்தை வைத்து நாள் கணக்கில் என் தொகைக்கு வட்டி போட்டு எழுதினார், அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் சான்றில் நான், நிதி அலுவலர், கல்லூரித் தலைமை என மூன்று கையெழுத்து வேண்டும். ஒரு கையெழுத்து மட்டும் மாதக்கணக்கில் நின்றது. அதனால் இரண்டாம் தவணை தள்ளிப் போக, களப்பணியாளரின் சம்பளத்தை என் சம்பளத்திலிருந்து கொடுத்தேன். அவள் வீட்டில் இந்தப் பணத்தை நம்பித்தான் மளிகைக் கடன் வாங்கியிருந்தார்கள். நிதி வரவில்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லாம் கூட்டிக் கழித்தால் கையை விட்டுப் போனது 70,000-க்குக் கொஞ்சம் மேல்.

இதே நேரத்தில் ஆய்வகக் கருவி வாங்கிய ஒரு தோழிக்கு வேறு அடி. அரசு நிதியில் நடக்கும் ஆராய்ச்சிக்கான கருவிகளுக்கு இருந்த 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகை 2022 ஜூலையில் நின்று 18 சதவீதமானது. பழைய விலையில் பட்ஜெட் போட்டிருந்தவள் கருவியின் துணைப் பாகங்களைக் கைவிட்டாள். கொட்டேஷன் வாங்கும்போது வரியைத் தனியாக எழுதி வாங்குங்கள். விண்ணப்பித்ததற்கும் பணம் வருவதற்கும் நடுவில் ஒரு வருடம் ஓடிவிடும், விலையும் ஏறிவிடும்.

இவ்வளவும் படித்துவிட்டு இது வேண்டாத வேலை என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டுரை இப்போது ஒரு இதழின் பரிசீலனையில் இருப்பதால் முடிவை இங்கே சொல்ல முடியாது. ஆனால் பெரிய நிதி ஒன்றுக்கு நேர்காணலுக்குப் போனபோது, குழுவினர் கட்டுரையைவிட அதிகமாகக் கேட்டது இந்த நாலரை லட்சத்தைப் பற்றித்தான். எப்படிக் கையாண்டீர்கள், சான்று கொடுத்தீர்களா, திட்டமிட்ட எண்ணிக்கையில் எத்தனை பேரைச் சோதிக்க முடிந்தது, எதனால் குறைந்தது. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் காகிதம் இருந்தது. துறைத் தலைவரின் நிழல் இல்லாமல் ஒரு மேசைக்கு எதிரில் உட்கார்ந்து நானே பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. முடிவு இன்னும் வரவில்லை.

போன மாதம் நோய்க்குறியியல் துறையில் ஒரு தம்பிக்குச் சிறு நிதி கிடைத்திருக்கிறது. கடிதத்தோடு என்னிடம் வந்தான். விதிப் பக்கத்தை அச்செடுத்து, தனிக் கணக்கு என்ற வரியில் கோடு போட்டு, இருவருமாக நிதிப் பிரிவுக்குப் போனோம். கணக்குத் தொடங்க ஒப்புக்கொண்டார்கள். என் 38,000 பற்றியும் கேட்டேன். அலுவலர் மாறிவிட்டார், கோப்பைப் புதியவருக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். மறுநாளே நினைவூட்டல் கடிதம் ஒன்று எழுதி, நகலில் தேதி முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன்.